பச்சைக் கட்டம்

“மூஞ்சி வேண்டாம் தம்பி. காலை மட்டும் எடுங்க.”

போட்டோகிராபர் கேமராவைத் தாழ்த்தினார். பிள்ளையைப் பந்தயக் குதிரையாக விரட்டும் அப்பாக்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். பத்து வயது மகளை மைதானத்தில் வெறுங்காலோடு ஓடவிட்டு, காலை மட்டும் படமெடுக்கச் சொல்பவர் இவர்தான் முதல்.

“ஏதோ போட்டிக்கு அனுப்பணுமாம்” என்றார் அப்பா, மகள் காதில் விழும்படி.

சிறுமி ஓடி வந்தாள். கேமராத் திரையில் ஃபோகஸ் காட்டும் பச்சைக் கட்டம் அவள் கண்ணைக் கவ்விக்கொண்டு கூடவே நகர்ந்தது. படத்தில் கண் பளிச்சென்று இருந்தது. கால் கலங்கிக் கிடந்தது.

“கேமரா தானாவே கண்ணைத் தேடிப் போயிடுது சார். இருங்க, அதை அணைச்சுடறேன்.”

இப்போது கட்டத்தை முழங்காலில் வைத்தார். அடுத்த ஓட்டத்தில் அது பாதி தூரம் ஒட்டிக்கொண்டே வந்தது. கால்கள் மாறி மாறி முன்னால் வந்ததும் மற்ற முழங்காலுக்குத் தாவிவிட்டது.

அப்பா திரையை எட்டிப் பார்த்தார். “இது இடது காலாச்சே. வலதுதான் வேணும்.”

“ஏன் சார், இடது கால் என்ன தப்பு பண்ணுச்சு?”

சிறுமி கலகலவென்று சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. “நாளைக்குக் காலையில வாங்க சார். வெளிச்சம் அள்ளும்.”

“இல்ல தம்பி, இன்னிக்கே வேணும். எப்படியாவது ஒண்ணு.” அவர் மகள் பக்கம் திரும்பினார். “பாப்பா, இன்னும் ஒரே தடவைடா. வலிச்சா நின்னுடணும்.”

“வலிக்கலப்பா!”

இந்த முறை, வலது கால் தன் பக்கம் இருக்கும்படி அவளைக் குறுக்கே ஓடச் சொன்னார் போட்டோகிராபர். கட்டம் நழுவவே இல்லை. தரையை உதைத்து எழும் கால், இறுகிய ஆடுதசை, விரல்களிலிருந்து தெறிக்கும் புழுதி, எல்லாம் அச்சாக விழுந்தன.

அப்பா அந்தப் படத்தைப் பார்த்தபடியே நின்றார். பிறகு, “வண்டியை எடுத்துட்டு வரேன்” என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார்.

சிறுமி புல்லில் உட்கார்ந்து முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“அப்பாவைப் பாரு, படத்தைப் பார்த்துக் கண்ணே கலங்கிடுச்சு. அப்படி என்ன போட்டிடா பாப்பா?”

அப்பா போன திசையை அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

“போட்டியெல்லாம் இல்லண்ணா. நாளைக்கு ஆஸ்பத்திரியில இந்தக் காலை வெட்டி எடுத்துடுவாங்க. எனக்குத் தெரியும்னு அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”