வெட்டு வரிசை

"தங்கச்சியைக் கட்டிக் குடுத்த எடத்துல நம்ம கரும்பை வெட்ட வழியில்லைன்னா, அந்தச் சம்பந்தம் எதுக்கு மாப்ள?"

சர்க்கரை ஆலையின் கம்ப்யூட்டர் அறையில் தீர்த்தகிரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். இண்டூரில் அவருடைய இரண்டு ஏக்கர் கரும்பு பூத்துக் காய ஆரம்பித்துவிட்டது. நாளாக ஆக எடை குறையும். ஆலை போடும் வெட்டு வரிசையிலோ அவர் நாற்பத்தொன்றாவது ஆள். வயிறு எரியாதா?

"எனக்கப்புறம் நட்ட மாரப்பன் வெட்டி லோடே ஏத்திட்டான்! நீங்கதானே இந்த சர்வரைக் கட்டி மேய்க்கிறவரு? என் பேரை ஒரு பத்து எடம் மேல தள்ளி வுடுங்க."

"முடியாது மச்சான்," என்றான் கோவிந்தன். "நேத்து சர்வருக்கு ஐபிசெக் பாலிசின்னு ஒரு பூட்டு போட்டாச்சு. டிஜிட்டல் சான்றிதழ் இருக்கிற கம்ப்யூட்டரோடதான் அது பேசும். மத்ததைக் கிட்டவே சேர்க்காது."

"உங்க கம்ப்யூட்டர்ல இருக்குமில்ல?"

"கரும்பு அதிகாரிக்கு ஒண்ணு, எடைமேடைக்கு ஒண்ணு, அவ்வளவுதான். என்னோடதை நானே ரத்து பண்ணிட்டேன்."

"பூட்டுப் போட்டவரே சாவியைக் கெணத்துல போட்டீங்களாக்கும்! யாருகிட்ட கதை வுடறீங்க?"

கோவிந்தன் தன் கம்ப்யூட்டரில் தட்டிக் காட்டினான். வரிசைப் பட்டியல் திறக்கவே இல்லை.

"சாவி கையில இருந்தா, நீங்க கேட்டு என்னால மாட்டேன்னு சொல்ல முடியாது மச்சான். அதான்."

"நல்லா இருங்க சாமி! இனிமே உங்க வூட்டுப் படி ஏறினா ஏன்னு கேளுங்க."

விறுவிறுவென்று இறங்கிப் போனார்.

கேட் பலகையில் புது வரிசையை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தை முட்டித் தள்ளிப் பார்த்தார். நாற்பத்தொன்றில் வேறு யாரோ! அடப்பாவி, பேரையே எடுத்துட்டானா? பதறிப்போய் மேலிருந்து விரலை ஓட்டினார். பத்தொன்பது: தீர்த்தகிரி, இண்டூர்.

போன வேகத்தில் திரும்பி ஓடி வந்தார்.

"மன்னிச்சிருங்க மாப்ள! வாய்ல மாட்டேன்னுட்டு, சத்தமில்லாம செஞ்சிட்டீங்களே! உறவுன்னா இப்படியில்ல இருக்கணும்!"

"நான் ஒண்ணும் செய்யல. கரும்பு அதிகாரி, நட்ட தேதிப்படி வரிசையைப் புதுசா போட்டிருக்காரு. இனி வேற யாரும் அதுல கை வைக்க முடியாது. உங்களுக்கு முன்னால குறுக்க நுழைஞ்சிருந்த இருபத்திரண்டு பேரும் கீழ போயிட்டாங்க."

"எந்தக் களவாணிப் பசங்க அவங்க?"

கோவிந்தன் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"அத்தனை பேரும் இந்த ஆபீஸ்ல யாரோ ஒருத்தருக்கு மச்சானுங்கதான்."