எதிர்க்கடைக்காரன்

“திருட்டுப் பய சார்! கை கூசாமத் திருடுறான்!”

கம்ப்யூட்டருக்கு வைரஸ் அனுப்பியவனைத்தான் திட்டுகிறார் என்று நினைத்தார் அய்யம்பெருமாள். கலைச்செல்வனின் விரலோ கண்ணாடிக் கதவுக்கு வெளியே எதிர்க்கடையைக் காட்டியது.

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அந்தத் தெருவில் ரெண்டே ரெண்டு பிளக்ஸ் பேனர் கடை. இந்தப் பக்கம் கலைச்செல்வன், அந்தப் பக்கம் ராஜராஜன்.

“நான் கண்ணு பூக்க உக்காந்து ஒரு டிசைன் போட்டா, மறுவாரமே அது அவங்கடை வாசல்ல தொங்குது. பேரும் மூஞ்சியும்தான் வேற. இதெல்லாம் ஒரு பொழப்பா சார்?”

“அது கெடக்கட்டும்ணே. கம்ப்யூட்டர் எப்படி இந்தக் கதிக்கு ஆச்சு, அதைச் சொல்லுங்க.”

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கப் பெரம்பலூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார் அய்யம்பெருமாள். எந்த ஃபைலைத் தொட்டாலும் திறக்கவில்லை. பணம் கட்டினால்தான் பூட்டைத் திறந்துவிடுவோம் என்று திரையில் சிவப்பு எழுத்தில் மிரட்டல் வேறு.

“பிளக்ஸ்காரங்க வாட்ஸப் குரூப்புல, ஆயிரம் தமிழ் ஃபான்ட் இலவசம்னு ஒரு லிங்க் வந்துச்சு. ஆன்ட்டிவைரஸ் வேணாம் வேணாம்னு கத்துச்சு. சனியனேன்னு அதை ஆஃப் பண்ணிட்டு எறக்குனேன்.”

“குலைச்ச நாயைக் கட்டிப்போட்டுட்டு, திருடனைக் கூப்புட்டு நாற்காலி போட்டிருக்கீங்க.”

மத்தியானத்துக்குள் வைரஸைச் சுத்தமாகத் துடைத்துவிட்டார் அய்யம்பெருமாள். ஆனால் பூட்டிய ஃபைல்கள் பூட்டியபடியே கிடந்தன. இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கும் சாவிகளை எல்லாம் போட்டுப் பார்த்தார். ம்ஹூம். இது புது ரகம், இதற்கு இன்னும் யாரும் சாவி கண்டுபிடிக்கவில்லை.

“அப்ப, அவன் கேக்குறதைக் கட்டித் தொலைச்சுடவா?”

“கட்டுனாலும் தெறந்து விடுவான்னு என்னண்ணே நிச்சயம்? வேற எதுலயாவது காப்பி எடுத்து வச்சிருக்கீங்களா?”

“அதுக்கெல்லாம் ஏது சார் நேரம்?”

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள் கொளஞ்சியம்மாள். ஆலத்தியூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தாள். மறுநாள் மகளுக்குக் கல்யாணம்.

“பேனர் ஆச்சா தம்பி? மேல வட்டத்துல அவரு படம், பக்கத்துல வெளக்கு, மறந்துடாதீங்க. அப்பா இல்லாத பேனர் எனக்கு வேணாம்னு சண்முகப்பிரியா ஒரேயடியா நிக்கிது.”

கலைச்செல்வன் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார்.

“வேற படம் இருக்கா அக்கா?” என்று கேட்டார் அய்யம்பெருமாள்.

“ஏதுங்க? போன வருசம் அவரு செத்தப்ப என் போன்லேருந்து இந்தத் தம்பி கம்ப்யூட்டர்ல ஏத்துனது ஒண்ணுதான். அந்த போனும் தொலைஞ்சு போச்சு. அஞ்சலி பேனரை ஆட்டுக்கொட்டாய் மேல போட்டோம், வெயில்ல மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கெடக்கு. ரேஷன் கார்டுல இருக்குறது அவருன்னு எனக்கே தெரியல.”

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். “எம்புள்ளைக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?”

எத்தனையோ கம்ப்யூட்டரைப் பிழைக்க வைத்த அய்யம்பெருமாளின் கை, இன்று சும்மா மடியில் கிடந்தது.

கதவு மறுபடி திறந்தது. எதிர்க்கடை ராஜராஜன்.

“வந்துட்டியா? வேடிக்கை பாக்க வந்தியா?” என்று எகிறினார் கலைச்செல்வன்.

ராஜராஜன் சட்டைப் பையிலிருந்து ஒரு ஹார்டு டிஸ்க்கை எடுத்து மேஜையில் வைத்தார்.

“டீக்கடையில சொன்னாங்க. உன் ஃபைலெல்லாம் இதுல இருக்கு.”

“உங்கிட்ட எப்புட்றா?”

“பொங்கலப்ப உன் பிரிண்ட் மெஷின் மக்கர் பண்ணி, எங்கிட்ட பிரிண்ட் போட கம்ப்யூட்டர் டிஸ்க்கையே கழட்டிக் குடுத்தனுப்புனீல்ல? ஒண்ணு மட்டும் எடுக்கச் சொன்ன. நான் மொத்தத்தையும் எடுத்துக்கிட்டேன்.” ராஜராஜன் தலையைக் குனிந்துகொண்டார். “தப்புதான். திட்டுறதுன்னா அப்புறம் திட்டு. மொதல்ல இந்தம்மா வேலையைப் பாரு.”

அய்யம்பெருமாள் டிஸ்க்கைத் தன் லேப்டாப்பில் மாட்டி, வைரஸ் இல்லை என்று உறுதி செய்துகொண்டு தேடினார். வந்துவிட்டார் மனிதர்! வெள்ளைச் சட்டையில், மீசையை முறுக்கிக்கொண்டு, பளிச்சென்று.

“இவருதான்! இவருதான்!” கொளஞ்சியம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள். பார்த்துக்கொண்டிருந்த அய்யம்பெருமாளுக்கும் மனசு குளிர்ந்து போயிற்று.

கலைச்செல்வனுக்குத்தான் திட்டுவதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை. ராஜராஜனும் போகாமல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“கலை... அந்த ஃபான்ட் லிங்க்கை நானும் அமுக்கித் தொலைச்சுட்டேன். நேத்திலேருந்து என் சிஸ்டமும் பூட்டிக்கிச்சு. செட்டிகுளத்துல நாளைக்கு ஒரு காதுகுத்து, பேனர் நிக்கிது.”

“அதுக்கு?”

“போன சித்திரையில என் மெஷின் கெட்டப்ப, நானும் உங்கிட்ட டிஸ்க்கைக் கழட்டிக் குடுத்தேன்ல...”

“யோவ்! என்னைய என்னன்னு நெனச்ச? உன்னைய மாதிரி ஊரான் சொத்தைத்...”

ஏறின வேகத்தில் குரல் இறங்கியது. கொளஞ்சியம்மாள், திரையில் இருந்த புருஷன் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். கலைச்செல்வன் அவளைப் பார்த்தார், ராஜராஜனைப் பார்த்தார். செல்போனை எடுத்து வீட்டுக்குப் போட்டார்.

“அனுசுயா... உன் கல்யாணப் பொடவைக்கு அடியில ஒரு ஹார்டு டிஸ்க் வச்சிருக்கேன் பாரு... ஆமா, ராஜராஜன் ஃபைலைக் காப்பி எடுத்ததுதான். பத்திரமா எடுத்துக்கிட்டு வா.”