உரித்த பெயர்

வீரர்களை விற்று வாங்கும் பருவத்தின் கடைசி நாள். ஜெர்மன் உதைபந்தாட்டக் கழகமொன்றின் உடைமாற்றும் அறையில் அலுமாரிகள் இருபத்தாறு, ஆட்டக்காரர்கள் முப்பத்தொரு பேர். தலைமுடி உலர்த்தியின் சூட்டில் நெகிழும், ஆட்டக்காரன் லென்னார்ட்டின் பெயர் ஒட்டியை அறைப் பணியாள் ஜெசிக்கா அவனுடைய அலுமாரியிலிருந்து நகத்தால் கிளப்புகிறாள். “ஆளுக்குச் சொல்லியாச்சோ அண்ணை?” “அது மேல இருக்கிறவையின்ர வேலை, பிள்ளை. நீ கெதியா உரி, புதுப்பெடியன் வந்திட்டான்.” உடுப்புப் பொறுப்பாளர் அல்பேர்ட் துவாய்க் கூடையோடு நழுவுகிறார். ஆட்டக்காரனை வாங்கும்போது கழுத்தில் கழகச் சால்வை சுற்றிப் படம் பிடித்தவர்கள், அனுப்பும்போது இவளைத்தான் முன்னே விடுகிறார்கள். கதவு திறக்கிறது. லென்னார்ட்தான். வழக்கமான இடத்தில் அமர்ந்து, குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டியபடி, “இன்றைக்கு யாரைத் துரத்துகிறார்கள்?” என்று ஜெர்மனில் கேட்டுச் சிரிக்கிறான். உரிந்த பெயர் அவள் விரலில் ஒட்டிக் கிடக்கிறது. உலர்த்தியின் இரைச்சல் நின்றால் அவன் நிமிர்ந்து பார்ப்பான். பெயர் போன வெறும் அலுமாரிப் பலகைக்கு அவள் சூடு காட்டிக்கொண்டே நிற்கிறாள்.