தப்பாய்ச் சொன்ன பேர்

மெயின் சுவிட்ச் கருகிப்போயிருந்தது. கரண்ட்டை அணைத்துவிட்டுக் கை வைத்தால் பத்து நிமிட வேலை.

நான் அணைக்கவில்லை.

கூடத்து டிவியில் குட்டிக்கரடி ஆடிப் பாடிக்கொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பாப்பாவுக்கு ஆறு வயது இருக்கும். ஒரு வரி விடாமல் கூடவே பாடினாள்.

பழைய டிஸ்க். இப்போது எங்கே போட்டாலும் புது ஆட்கள் குரல் கொடுத்த படம்தான் வருகிறது. இந்தக் குரல்களோடு வந்த டிஸ்க்குக்காக நான் ஏறி இறங்காத கடை இல்லை. வேலைக்கு வந்த வீட்டில் இப்படி மாட்டும் என்று யார் கண்டது!

பாட்டு முடிந்ததும் அம்மா கரடி வந்து குட்டியைக் கூப்பிடும். அதை மட்டும் கேட்டுவிட வேண்டும்.

சீவிய ஒயரையே மறுபடி சீவினேன்.

"அப்பலேர்ந்து அஞ்சு நிமிஷம், அஞ்சு நிமிஷம்ங்கிறீங்க!" பாப்பாவின் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஏய், டிவிய அணைடி. கருகின நாத்தம் தாங்கல."

"ஐயோ, வேண்டாம்மா! இந்தப் பாட்டு மட்டும் முடியட்டும்!"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் தொண்ணூறு கிலோ ஆள், பாதித் தலை நரை. முணுமுணுத்துக்கொண்டே சமையலறைக்குள் போய்விட்டார்.

பாப்பாவுக்குக் குஷி. "மாமா, இப்பப் பாருங்க. குட்டி பேரு ஜிம்புதானே? அம்மா கரடி தப்பா சொல்லும்!"

"டேய் சுண்டெலி, இருட்டிப் போச்சுடா. வா, வீட்டுக்குப் போலாம்."

பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். கரடியைப் போய் சுண்டெலியாமே!

அம்மா கரடிக்குப் பேச வேண்டியவர் குரல் பதிவு நடந்த அன்றைக்கு வரவில்லை. குட்டிக்குப் பாட வந்த ஒன்பது வயதுப் பையனோடு துணைக்கு வந்த அவன் அம்மாவை மைக் முன்னால் நிறுத்திவிட்டார்கள். அவளுக்கு மைக்கே புதிது. எதிரே நின்ற பையனைப் பார்த்தபடியே அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டாள்.

பையனின் குரல் மீசை முளைத்ததும் போய்விட்டது.

அவள் போய்ப் பதினெட்டு வருஷம். போட்டோ நிறைய வைத்திருக்கிறேன். குரல்தான் இல்லை. சுண்டெலி என்று என்னைக் கூப்பிடவும் ஆள் இல்லை.

"இதோ வரேம்மா" என்றேன், வாய்விட்டு.

"வர்றது இருக்கட்டும்," என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. "முதல்ல கரண்ட்டை அணைங்க."

அணைத்தேன்.