அணில் டப்பா

“அணில் கூழுக்கு ஃபிரிட்ஜ்ல இடம் இருக்காம். நம்ம மாவுக்குத்தான் இல்லையாம்.”

குழாயடியில் குடம் நிறையும் சத்தத்தையும் மீறி சாவித்திரி அக்காவின் குரல் கேட்டது. எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

பேராவூரணியில் எங்கள் தெருவில் இரண்டு வீடுகளுக்கு போன் வந்துவிட்டது. ஃபிரிட்ஜ் மட்டும் ஒன்றுதான். இர்ஃபானாவின் கணவர் துபாயிலிருந்து விடுப்பில் வந்தபோது வாங்கிப் போட்டது. தெருவின் இட்லி மாவெல்லாம் அதில்தான் இருந்தது.

தேங்காய் வெட்டும்போது கூட்டோடு விழுந்த அணில் குஞ்சை அவள் எடுத்து வளர்க்க ஆரம்பித்ததோடு அந்த உபகாரம் முடிந்தது.

கேழ்வரகை உப்பில்லாமல் காய்ச்சி, ஆறவைத்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைப்பாள். வேளைக்கு ஒரு கட்டி. அணில் மிச்சம் வைத்தால் கொட்டிவிடுவாள், திரும்ப உள்ளே வைக்கமாட்டாள். கீழ்த்தட்டில் ‘அணில்’ என்று சீட்டு ஒட்டிய எவர்சில்வர் டப்பா ஒன்று. பல கை பட்டால் குஞ்சுக்கு ஆகாது என்று சொல்லி யாரையும் கதவைத் திறக்கவிடவில்லை.

சாவித்திரி அக்காவின் மகள் வானதிக்கு மட்டும் தடையில்லை. காலையும் மாலையும் அணிலுக்கு ஊட்டப் போய்விடுவாள்.

“அதுக்கு ஊட்டி ஊட்டி இவ இளைச்சிட்டா” என்று ரெத்தினம் அத்தை கேலி செய்வாள். வானதிக்குப் பார்த்திருந்த சிங்கப்பூர் மாப்பிள்ளைக்கு அவள் சொந்த அத்தை. எங்கள் தெருதான்.

நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம், வரும் சனத்துக்கு அரைத்த மாவைத் தூக்கிக்கொண்டு ரெத்தினம் அத்தை இர்ஃபானா வீட்டுக்குப் போனாள். என்ன நடக்கிறது என்று பார்க்க நாங்களும் பின்னாலேயே போனோம்.

இடமில்லை என்றாள் இர்ஃபானா. ஃபிரிட்ஜ் கதவை மறித்து நின்றாள்.

ரெத்தினம் அத்தை அவளை விலக்கி, ஃபிரிட்ஜைத் திறந்து டப்பாவை எடுத்தாள். “நல்ல காரியத்துக்கு அரைச்ச மாவைவிட உனக்கு அணில் பெருசாப் போச்சா? இதைச் சாக்கடையில கொட்டினா இடம் தானா வரும்.”

“வேணாங்க அக்கா. என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க. அதைத் திறக்காதீங்க.”

“அப்படி என்ன அமிர்தம் வச்சிருக்கே?”

எனக்கும் அதே கேள்விதான். ஆமாம் என்று தலையாட்டினேன். வாசற்படியில் சாவித்திரி அக்கா நின்றிருந்தாள். காலையில் குழாயடியில் அவ்வளவு பேசியவள், இப்போது டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூலையில் ஊட்டிக்கொண்டிருந்த வானதி, அணிலைக் கூண்டில் விட்டுவிட்டு எழுந்து வந்தாள். அத்தையின் கையிலிருந்து டப்பாவை வாங்கினாள்.

“வேணாம்டி” என்றாள் சாவித்திரி அக்கா. “ஒரே ஒரு நாள் பொறுத்துக்கடி.”

வானதி டப்பாவைத் திறந்து இன்சுலின் பாட்டிலையும் ஊசியையும் எடுத்தாள். மருந்தை அளந்து ஏற்றி, தாவணியை ஒதுக்கி, எல்லோர் முன்னாலும் வயிற்றில் போட்டுக்கொண்டாள்.