வறுத்த பாறைப்பொடி

"எக்கா, கருகுனாலும் குத்தமில்ல. ஈரம் மட்டும் இருக்கப்பிடாது!"

வினோஜ் போட்ட சத்தத்துல, அடுத்த வீட்டு பெபிஷா அக்கா சட்டிய இன்னும் வேகமா கிண்டுனா. கிறிஸ்மஸுக்கு மட்டும் எடுக்குற பெரிய சட்டி. உள்ள கிடந்து வறுபடுறது பாறைப்பொடி.

வெளிய மழை நிக்கவே இல்ல.

மார்த்தாண்டத்துக்கு மேக்க, ரப்பர் தோட்டத்து ஏத்தத்துலதான் ஆன்றோவுக்க வீடு. காலையில வீட்டுக்குப் பொறத்த ஓடைய வெட்டிவிடப்போறேன்னு மம்பட்டியத் தூக்கிட்டுப் போனான். மேல மண்ணு இளகி, ஆனை மாதிரி ஒரு பாறை வழுக்கி வந்து சுவருல சாஞ்சுட்டு. பாறைக்கும் சுவருக்கும் இடையில ஒரு பொந்து. அந்தப் பொந்துக்குள்ள ஆன்றோ.

ஆளு கண்ணுக்குத் தெரியல. விளிச்சா பதிலும் இல்ல. ஆனா பாறையில சுத்தியலால தட்டுனா, உள்ள இருந்து திருப்பித் தட்டுறான். டொக்கு, டொக்குன்னு.

முதல்ல அதக் கேட்டது அவனுக்க பொண்டாட்டி ஜினிஷாதான். அப்பம் புடிச்சு அவ அங்கேயே கிடக்கா. சுவரு மூலையில உள்ள ஓட்டையில தோள் வரைக்கும் கைய விட்டுட்டு, பாறையோட ஒட்டிக்கிட்டு. சோறும் இல்ல, தண்ணியும் இல்ல.

இதுக்கு வெடி வைக்க முடியுமா? வச்சா அந்த அதிர்ச்சியில மலையே கூட எறங்கும்.

அதனாலதான் வினோஜ். ஆன்றோவுக்க சின்னதுலேயே உள்ள கூட்டுக்காரன். மஸ்கட்டுல அவன் படிச்சது இந்த கேஸ் குழல் வேலை. வெடிமருந்து கிடையாது. துளை போட்டு, குழல எறக்கி, மேல காஞ்ச பொடியப் போட்டு இடிச்சு இறுக்கணும். கரண்ட் குடுத்தா உள்ள கேஸ் பொங்கும். போக வழி இல்லாத கேஸு பாறையப் பொளந்துட்டு வரும். பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி கூட அனங்காது.

போக வழி இருந்தா?

அதாக்கும் கொஞ்சம் முன்ன நடந்தது. குவாரியில வெடி வச்சே தலை நரச்ச யேசுதாசண்ணன், ஒரு கை உதவலாமேன்னு வந்த மனுசன், பழக்க தோசத்துல நனஞ்ச களிமண்ண உருட்டித் துளைய அடைச்சுட்டாரு. வெடிக்கு அது போதும். கேஸுக்குப் போதாது. சுவிட்ச அமுக்குனதும் களிமண்ணு துப்பாக்கிக் குண்டு மாதிரி மானத்துக்குப் போச்சு. பாறையில ஒரு கீறல் விழல.

கொட்டாரம் ஊருல ஒரு கிணத்து வேலையில மிஞ்சுனது ரெண்டு குழலு. மிச்சம் இனி ஒண்ணே ஒண்ணு.

யேசுதாசண்ணன் இப்ப ரெண்டாவது துளைக்கு மேல குடையப் புடிச்சுட்டு, அவரு நனஞ்சுட்டு நின்னாரு.

தீயணைப்பு ஆபீசரு கெட்டவரு ஒண்ணும் இல்ல. ஆனா சொல்ல வேண்டியதச் சொல்லிட்டாரு.

"தம்பி, மேல மண்ணு இன்னும் எறங்கிட்டே இருக்கு. எம் பயலுவள நான் சாகக் குடுக்க முடியாது. உள்ள ஆளு தட்டுற வரைக்கும்தான் ஒனக்கு டைம். தட்டு நின்னுட்டுன்னா ஹிட்டாச்சி உள்ள வரும்."

ரோட்டுல பாறை குத்துற மிஷினு, அந்த ஹிட்டாச்சி, உறுமிட்டு நிக்குது. அது குத்துனா பாறை உடையும். பொந்தும் சேந்து உடையும்.

பெபிஷா அக்கா சட்டியோட ஓடி வந்தா. வினோஜ் சூடு ஆறாத பொடிய அள்ளி அள்ளிப் போட்டு, மரக்கம்பால இடிச்சான். கை பொள்ளுது. இடிச்சான். இன்னும் இடிச்சான். வயர இழுத்தான்.

எல்லாரையும் பெபிஷா அக்கா வீட்டுக்கு அந்தப்பக்கம் போகச் சொன்னாச்சு. ஜினிஷா மட்டும் அசையல.

"மைனி, எந்திரிங்க. பாறை தெறிக்கும்."

"நான் வந்தா அவரு தட்ட மாட்டாரு வினோஜே."

"ஏட்டி மக்கா, கிறுக்கு மாதிரி பேசாத. ஒனக்க புள்ளைய யாரு பாக்கது?"ன்னு யேசுதாசண்ணன் அழுதேவிட்டாரு. பெபிஷா அக்கா மாரப் புடிச்சுட்டு, "என்ன பிரியம் பாத்தியா"ன்னா.

வேற வழியில்லாம வினோஜ் அவள ரெண்டு கையாலயும் தூக்கி இழுத்துட்டு வந்தான். அந்தக் கை ஓட்டைய விட்டு வரவே மாட்டேன்னு நின்னு, கடைசியில வந்துது.

"தம்பி, அமுக்குறதுக்கு முன்ன ஒருக்கா தட்டிப் பாத்துரு!"ன்னு ஆபீசரு அங்க இருந்து விளிச்சாரு.

வினோஜ் திரும்பப் போயி தட்டுனான். பாறையில காத வச்சான்.

மழை.

இன்னும் ஓங்கித் தட்டுனான்.

மழைதான்.

திரும்பிப் பாத்தான். ஜினிஷா அவன் விட்ட எடத்துலேயே நிக்கா. வலது கை விரலு மொளியெல்லாம் தோலு உரிஞ்சு, நகத்தோரம் ரெத்தம். அந்தக் கைக்குள்ள ஒரு கல்லு. உள்ளங்கையில அடங்குற அளவு கல்லு, தட்டித் தட்டி ஒரு மொனை தேஞ்சது. இவன் பாக்கான்னு தெரிஞ்சதும் கைய நைட்டிக்குள்ள மறச்சா. அழல. தலைய மட்டும் பைய ஆட்டுனா. வேண்டாம், சொல்லாண்டாம்.

"எப்பிடி? தட்டுறானா?"

வினோஜ் ஆபீசரு பக்கமாத் திரும்புனான்.

"தட்டுறான் சார். நல்லா தட்டுறான்."

அவளையும் கூட்டிட்டு ஓரமா வந்து, சுவிட்ச அமுக்குனான்.

பெரிய சத்தம் ஒண்ணும் இல்ல. தேங்கா உடைச்ச மாதிரி ஒரு டப்பு. பாறை நெடுக்க வாய் பொளந்து, மேல்பாதி அப்பிடியே ஓடைப்பக்கம் சரிஞ்சுது. பொந்து தெறந்துட்டு.

"பொளந்துட்டுடே! பொளந்துட்டு!"

ஆபீசரு ஓடுனாரு. அவருக்க பயலுவ ஸ்ட்ரெச்சரோட ஓடுனானுவ. யேசுதாசண்ணன் குடைய எறிஞ்சுட்டு ஓடுனாரு. பெபிஷா அக்கா, தெருவுல உள்ள எல்லாரும், ஆன்றோ, ஆன்றோன்னு விளிச்சுட்டே ஓடுனாவ.

ஓடாம நின்னது ரெண்டே பேருதான்.