பக்கத்துத் தோட்டக்காரி

“யாருங்க அந்த ரோஜாப்பூ?”

கேட்டே விட்டாள். எத்தனை நாள்தான் மனசுக்குள்ளேயே போட்டுப் புழுங்குவது?

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த கணவன் திடுக்கிட்டுத் திரும்பினான். திரையில் அவனுடைய தோட்டம். வேலியை ஒட்டி இன்னொரு தோட்டம். அதன் தலைமாட்டில் ‘ரோஜாப்பூ’ என்று கொட்டை எழுத்தில் பெயர்.

“கேம்ல பக்கத்துத் தோட்டம்மா. அவங்கவங்க செடிக்கு அவங்கவங்களே தண்ணி ஊத்த முடியாது. பக்கத்துக்காரங்கதான் ஊத்தணும். விளையாட்டே அதான்.”

“நம்ம பால்கனித் தொட்டியெல்லாம் காய்ஞ்சு கருவாடாக் கிடக்கு. ஒரு நாள் ஒரு சொட்டு ஊத்தியிருப்பீங்களா? அவ தோட்டத்துக்கு மட்டும் தவறாம ஊத்தணுமாக்கும்!”

“விளையாட்டுதானே...”

“விளையாட்டுல பேச்சென்ன பேச்சு? ‘இன்னிக்கு அவ எப்படி இருக்கா?’ன்னு அந்த மகராசி கேக்கறா. ‘தலைவலின்னு சீக்கிரம் படுத்துட்டா’ன்னு நீங்க பதில் போடறீங்க. நேத்து என் கண்ணால பார்த்தேன். என் தலைவலியை அவகிட்ட எதுக்குச் சொல்லணும்?”

“யாருன்னு சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்.”

“சத்தியம் வேறயா!”

அவள் போய்த் திரையை மறைத்துக்கொண்டு நின்றாள். “அப்பா கடையை விட்டுட்டு, தனியா மூக்குக்கண்ணாடிக் கடை போட்டேன்னு அவர் என்கூடப் பேசறதையே விட்டுட்டார். மூணு வருஷமா என் போனைக்கூட எடுக்கறதில்லை. இப்ப நீங்களும் கைவிட்டுட்டா நான் யார்கிட்டப் போய் நிப்பேன்?”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். என்ன நினைத்தானோ, மூடிக்கொண்டான்.

அந்த வாரமே வினை வந்து சேர்ந்தது. ‘உங்கள் கண்ணாடி தயார், கீழே உள்ள லிங்க்கை அழுத்தவும்’ என்று அவளுடைய வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் கடை பெயரில் மெசேஜ் போயிருந்தது. அனுப்பியது அவள் இல்லை. அழுத்தியவர்கள் கடைக்கே வந்து கத்திவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்கு வந்து பார்த்த கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

“இந்த வழியாத்தான் நுழைஞ்சிருக்காங்கம்மா. இந்தப் பழைய பிரவுசரை அதைப் பண்ணின கம்பெனியே கைகழுவி வருஷக்கணக்காச்சு. ஓட்டை விழுந்தா அடைக்க ஆள் கிடையாது. திருட்டுப் பசங்களுக்கு ஒவ்வொரு ஓட்டையும் அத்துப்படி. இதுல போய் கஸ்டமர் போன் நம்பரெல்லாம் வெச்சிருக்கீங்களே! எதுக்கு இன்னும் இதைக் கட்டிக்கிட்டு அழறீங்க?”

“அவரைக் கேளுங்க.”

“அந்தக் கேம் இதுல மட்டும்தான் ஓடுது” என்று கணவன் குழைந்தான். “கடை விவரத்தை எல்லாம் வேற கம்ப்யூட்டருக்கு மாத்திடுங்க. இதை மட்டும் விட்டுடுங்க, ப்ளீஸ்.”

“புதுக் கேம் எத்தனையோ இருக்கே சார், அதுல ஒண்ணை ஆடுங்களேன்.”

“அதுலயெல்லாம் ரோஜாப்பூ இருக்க மாட்டாளே!” என்றாள் அவள்.

ரிப்பேர்காரர் நைசாகப் பையைத் தூக்கிக்கொண்டு நழுவினார்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். புது லிஃப்ட் மாட்ட வெளியூர் கிளம்பினான். அவன் தெருமுனை தாண்டினானோ இல்லையோ, அவள் ரிப்பேர்காரரைக் கூப்பிட்டுவிட்டாள்.

“அந்தப் பழைய பிரவுசரைச் சுத்தமா எடுத்துடுங்க.”

“எடுத்தா அந்தக் கேம் அவ்வளவுதாம்மா. திரும்பப் போட எங்கயும் கிடைக்காது. சார்கிட்ட ஒரு வார்த்தை...”

“கடை என்னுது, கம்ப்யூட்டர் என்னுது, புருஷனும் என்னுது. எடுங்க!”

எடுத்தார்.

“வாடட்டும் அவ தோட்டம்” என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு, அன்றைக்கு அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

இரண்டு நாள் கழித்து வேலை முடிந்து திரும்பிய கணவன், ஷூவைக்கூடக் கழற்றாமல் நேராகக் கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்தான். ‘இங்க ஒருத்தி குத்துக்கல்லாட்டம் நிக்கறேன், கண்ணுக்குத் தெரியலை’ என்று அவள் பல்லைக் கடித்தாள்.

“எங்க போச்சு?”

“ஓட்டையை அடைச்சாச்சு.”

அவன் முகம் வெளுத்துவிட்டது. “என்ன காரியம் பண்ணிட்டே! நான் போன எடத்துலயும் விளையாட வழியில்லை. அவங்க என்ன நினைச்சுத் தவிக்கறாங்களோ! உடனே தகவல் சொல்லணும்.”

“அவங்களா? மரியாதை வேற வழியுதோ? போங்க. நேர்லயே போய்ச் சொல்லிட்டு அங்கயே இருந்துடுங்க!”

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவன் வாசல் பக்கம் நடந்தான். நிஜமாகவே போகிறான்!

அப்போதுதான் அவளுடைய போன் அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். நம்ப முடியாமல் மறுபடி பார்த்தாள்.

அப்பா!

“குட்டிம்மா...” குரல் நடுங்கியது. “நீதானே பேசறே? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?”

“நல்லா இருக்கேன்ப்பா. என்னப்பா... திடீர்னு?”

அந்தப் பக்கம் பெரிதாக ஒரு மூச்சு வந்தது.

“ரெண்டு நாளா மாப்பிள்ளை என் ரோஜாச் செடிக்குத் தண்ணி ஊத்தலைம்மா. உனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சோன்னு பதறிட்டேன்.”